வலியை வெல்ல முயன்ற பல் மருத்துவர்

பல் சிகிச்சைக்கென வந்து நாற்காலியில் அமர்வோர் எம்மிடம் முதலில் கேட்பது, "வலிக்குமா, டாக்டர்?" என்பதே. "மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் தொடங்குவோம்" என்று இன்று நாம் தயங்காமல் விடையளிக்கிறோம். இவ்விடையை அளிக்க எந்த மருத்துவராலும் இயலாத காலம் ஒன்று இருந்தது. அதனை மாற்ற முனைந்த ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவரின் வாழ்வை இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

இளமையும் தொழிலும்

வெல்ஸ் 1815 ஜனவரி 21 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். அந்நாளில் அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரி என ஒன்று இல்லை; முதற்கல்லூரி 1840இல்தான் தோன்றியது. ஆகவே அவர் பாஸ்டன் நகரில் பிற பல் மருத்துவர்களிடம் பயின்று, 1836இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தொழிலைத் தொடங்கினார். பற்களின் அமைப்பு, நோய், சிகிச்சை ஆகியவற்றை விளக்கி 1838இல் சிறுநூல் ஒன்றும் வெளியிட்டார். தொழில் செழித்தது. ஆயினும் நோயாளிகள் துடிப்பதைக் காண அவர் மனம் பொறுக்கவில்லை.

தம்மீதே செய்த சோதனை

1844 டிசம்பர் 10 மாலை, சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைக் கொண்டு கோல்டன் என்பவர் நடத்திய கேளிக்கைக் காட்சிக்கு வெல்ஸ் சென்றிருந்தார். வாயுவை முகர்ந்த இளைஞர் ஒருவர் மேடையில் ஓடியாடியபோது காலில் அடிபட்டது. இருக்கைக்குத் திரும்பிய அவரோ அடிபட்டதையே உணரவில்லை. கூடியிருந்தோர் நகைத்தனர், வெல்ஸ் சிந்தித்தார்.

மறுநாளே அவர் கோல்டனிடம் வாயுவைப் பெற்று முகர்ந்தார். உடனிருந்த பல் மருத்துவர் ரிக்ஸ், வெல்ஸின் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். வலி தெரியவில்லை. பிறரிடம் சோதிக்குமுன் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்திய அத்துணிவு போற்றத்தக்கது. அதன்பின் நோயாளிகள் பலருக்கு இம்முறையில் பல் பிடுங்கினார். இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

ஓர் அலறலின் விளைவு

1845 ஜனவரியில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் தம் முறையைச் செய்துகாட்டினார். ஆனால் வாயு நிறைந்த பை உரிய நேரத்திற்கு முன்பே அகற்றப்பட்டது. பல் பிடுங்கப்படுகையில் நோயாளி அலறினார். அவையோர் ஏமாற்று வேலை என்று எள்ளி நகையாடினர். தமக்கு வலி அதிகம் தெரியவில்லை என்று அந்நோயாளி பின்னர் கூறியும் பயனில்லை. வெல்ஸ் மனமுடைந்தார், நோயுற்றார்.

அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16 அன்று, அதே பாஸ்டனில் அவருடைய முன்னாள் மாணவர் மார்ட்டன், ஈதரைக் கொண்டு நோயாளியை மயக்கமுறச் செய்ய, அறுவை சிகிச்சை வெற்றியுடன் நிகழ்ந்தது. புகழ் மார்ட்டனைச் சேர்ந்தது. யார் முதல்வர் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது.

1848 தொடக்கத்தில் நியூயார்க்கில் குளோரோஃபார்மைத் தம்மீதே மீண்டும் மீண்டும் சோதித்த வெல்ஸ், அம்மருந்தின் பிடியில் மனம் கலங்கித் தகாத செயல் புரிந்து சிறைப்பட்டார். ஜனவரி 24 அன்று தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். அதற்கு மூன்று நாள்களுக்கு முன்புதான் அவருக்கு 33 வயது நிறைந்திருந்தது. 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரது பணியை ஏற்று மதிப்பளித்தது. ஹார்ட்ஃபோர்டின் புஷ்னெல் பூங்காவில் இன்று அவருடைய சிலை நிற்கிறது.

நாம் கற்பவை

முதலாவது, மயக்கமருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும். நைட்ரஸ் ஆக்சைடின் விளைவு, முகர்வதை நிறுத்திய சில நிமிடங்களில் நீங்கிவிடும். பாஸ்டனில் நேர்ந்தது இதுவே. இன்று அவ்வாயு ஆக்சிஜனுடன் கலந்து, அளந்து, தொடர்ந்து கண்காணித்தே தரப்படுகிறது. எடை, ஒவ்வாமை, இதய நோய், கருவுற்றிருத்தல், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை நாம் கேட்பது வெறும் சடங்கன்று; அவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

இரண்டாவது, வலி குறைக்கும் மருந்தும் மயக்கமருந்தும் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே நன்மை பயக்கும். தாமே எடுத்துக்கொண்ட மருந்து, அதன் தன்மையை அறிந்த மருத்துவரையே வீழ்த்தியது.

மூன்றாவது, சிகிச்சையின்போது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டா. கையை உயர்த்துங்கள், நாம் நிறுத்துவோம், தேவையெனில் மீண்டும் மருந்து செலுத்துவோம். அன்று ஓர் அலறல் நகைப்புக்கு உள்ளாயிற்று. இன்று அது எமக்குத் தேவையான தகவல்.

வலிக்கு அஞ்சிச் சொத்தைப்பல்லுடன் நாள் கடத்தும் உறவினர் உங்கள் இல்லத்தில் இருந்தால், இவ்வரலாற்றை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.