சளி பிடித்த பிள்ளையும் நம் வீட்டுக் கை வைத்தியமும்

பிள்ளையின் மூக்கு ஒழுகுவதைப் பற்றி மார்க்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். ஓதிக்கொண்டிருந்த காலத்தில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் திர்மிதி ஷரீபில் ஒரு செய்தி வருகிறது. ஹழ்ரத் ஜைது இப்னு ஹாரிதா (ரலி) அவர்களின் மகன் உஸாமா சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் மூக்கிலிருந்து வடிந்த சளியைத் துடைத்துவிட நபி (ஸல்) அவர்கள் முற்பட்டார்கள். அதைத் தாமே செய்வதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், தாம் உஸாமாவை நேசிப்பதாகவும், ஆகவே ஆயிஷாவும் அவரை நேசிக்க வேண்டும் என்றும் கூறினார்கள். தம் வயிற்றில் பிறக்காத ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கக் கை நீட்டியவர்கள் அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்தவர்கள். இதற்குப் பிறகு இது மார்க்கப் பேச்சல்ல என்று எப்படிச் சொல்வது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை தொடங்கிவிடும். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு, எட்டு முறைகூடச் சளி பிடிப்பது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது வைரஸ் கிருமியால் வருவது. முதல் இரண்டு மூன்று நாட்கள் கடுமையாக இருக்கும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாட்கள் தங்கும். ஆன்டிபயாடிக் மருந்து இந்த வைரஸைக் கொல்லாது. அப்படியானால் அந்தப் பத்து நாட்களில் நம் வேலை என்ன? பிள்ளையின் சிரமத்தைக் குறைப்பது, அது வெறும் சளிதானா என்று கண்காணிப்பது, இந்த இரண்டுதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் வேறு.

இங்கே புகாரி ஷரீபில் உள்ள ஹழ்ரத் உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்களின் செய்தியைத் தாய்மார்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். உக்காஷா (ரலி) அவர்களின் சகோதரியான இந்த அம்மையார் தம் சின்னஞ்சிறு மகனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். பிள்ளைக்குத் தொண்டையில் வேதனை. அரபுப் பெண்களின் அன்றைய வழக்கப்படி அம்மையார் தொண்டைக்குள் விரல் விட்டு அழுத்தியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளை ஏன் இப்படித் தொண்டையை அழுத்தி வதைக்கிறீர்கள் என்ற கருத்தில் கண்டித்து, இந்தியக் கட்டையான கோஷ்டத்தைப் பயன்படுத்தும்படி வழிகாட்டினார்கள்.

இந்த ஹதீஸைக் கேட்டவுடன் சிலர் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, கோஷ்டம் வாங்கி இடித்துப் பிள்ளையின் மூக்கில் போடத் துணிகிறார்கள். கூடாது. எந்த வகை, எவ்வளவு, எந்த வயதுக்கு, எதில் கலந்து என்பதெல்லாம் அத்துறை அறிந்தவர் சொல்ல வேண்டியவை. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிது இப்னு கலதா என்ற மருத்துவரிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. உம்மு கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் இன்றே எடுத்துக்கொள்ளக் கூடியது அதன் முற்பகுதி. வைத்தியம் என்ற பெயரில் பிள்ளையை வதைக்காதீர்கள்.

நம் ஊர்களில் வதை எத்தனை விதம்! உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று உப்பும் மிளகும் தொட்ட விரலைத் தொண்டைக்குள் விடுவது ஒன்று. உம்மு கைஸ் (ரலி) அவர்கள் செய்ததும் இதுவும் ஒன்றேதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் விரலை மட்டும் நாம் எடுக்கவில்லை. மூக்கடைப்புக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மூக்கில் விடுவது இன்னொன்று. எண்ணெய் வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கினால் சாதாரணச் சளி நிமோனியாவாகிவிடும். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்க்கிறார்கள். சிறு பிள்ளைகளின் உடலில் கற்பூரம் ஏறினால் வலிப்பே வரக்கூடும். கடையில் விற்கும் கற்பூரத் தைலங்களும் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். துள்ளும் பிள்ளையைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிடித்து வேது பிடிப்பதால் வெந்துபோன முகங்களும் உண்டு. வெள்ளி இரவில் வீடு மணக்கச் சாம்பிராணி போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் இருமுகிற பிள்ளை படுத்திருக்கும் அறையில் புகை வேண்டாம். வாப்பாவின் சிகரெட் புகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்ட படித்த வீடுகளில் இருமல் மருந்துப் பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சென்ற முறை மூத்தவனுக்கு வாங்கிய மிச்சத்தை இளையவளுக்கு ஒரு மூடி ஊற்றுகிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியா நாட்டில் 2022 இல் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இந்தியாவில் தயாரான சில மருந்துகளுக்கும் அதற்கும் தொடர்பிருக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025 இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவிலும் பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நச்சு கலக்காத மருந்தாக இருந்தாலும் இந்த வயதில் பலன் சொற்பம், தீங்குக்கு இடமுண்டு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. மருந்துக் கடைப் பையனுக்கும் அது பொருந்தும், அண்டை வீட்டு மாமிக்கும் பொருந்தும்.

அப்படியானால் என்னதான் செய்வது? கடையில் மலிவாகக் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் இரு மூக்கிலும் விட்டு, இளகி வரும் சளியை மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். மூக்கு அடைத்த பிள்ளையால் மூச்சையும் விட்டுப் பாலையும் உறிஞ்ச முடியாது, அதனால்தான் அழுகிறது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பால்குடிக்கு முழு இரண்டாண்டு என்று குர்ஆன் ஷரீப் கூறும் காலத்தில் நோய் நாட்களும் அடங்கியவைதான். கஞ்சி, வெதுவெதுப்பான ரசம், மிளகு குறைத்த ஆணம் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். நோயாளிக்கு வாற்கோதுமை மாவில் காய்ச்சிய தல்பீனா என்ற கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிபாரிசு செய்ததாக புகாரியில் வருகிறது. நம் பார்லிக் கஞ்சி அதற்கு நெருங்கியதே. காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமாலைப் பிள்ளையின் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். இரவில் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடப்பதைவிட நல்ல மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அல்லாஹு தஆலா சூரத்துன் நஹ்லில் அறிவிக்கிறான். ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தால் இருமல் தணிவதை இக்கால ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு துளியும் ஆகாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தேனில் ஷிஃபா என்று ஆயத் இருக்கும்போது எப்படித் தடுக்கிறீர்கள் என்று நம்மிடமே கேட்டவர்கள் உண்டு. கோதுமையும் இறைச்சியும் ஹலாலான ரிஸ்க்தான், பிறந்த பிள்ளைக்கு ரொட்டியும் கறியும் கொடுப்போமா? நிவாரணம் என்றால் எவருக்கும் எந்த வயதிலும் என்பது பொருளல்ல. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைப்பது சுன்னத் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். ஹதீஸ்களில் தஹ்னீக் செய்யப்பட்டது பேரீச்சம் பழத்தால்.

இனி நம் சொந்தக் கதை ஒன்று. இமாமத் பொறுப்பேற்ற புதிது. மக்ரிபுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்ப் பாட்டிலும் பிள்ளையுமாகப் பெண்கள் நிற்பது வழக்கம். ஒரு பாட்டியம்மா, “ரெண்டு நாளா சளி ஹஜ்ரத், கொஞ்சம் ஓதி ஊதுங்க” என்று ஒன்றரை வயதுப் பேரனைத் தோளில் சாய்த்தபடி நின்றார். பிள்ளை அழவில்லை. மற்றப் பிள்ளைகள் நம் தாடியைக் கண்டாலே வீறிடும், இது சும்மா இருந்தது. நல்ல பிள்ளை என்று நினைத்து, பாத்திஹாவும் குல் சூராக்களும் ஓதி ஊதி, தண்ணீரிலும் ஊதிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அன்று நள்ளிரவில் அந்தப் பிள்ளையை மூச்சுத் திணறலோடு அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியா. ஆறேழு நாள் ஆக்ஸிஜனும் ஊசியுமாக இருந்து, அல்ஹம்து லில்லாஹ், பிழைத்தது. பிறகு அந்தப் பாட்டியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, “நீங்க ஓதினதாலதான் பிள்ளை தப்பிச்சுது” என்றார். அந்தப் பழத்தை நாம் எப்படி வாங்கினோம் என்று நமக்குத்தான் தெரியும். பிள்ளை அழாமல் இருந்தது நல்ல குணத்தால் அல்ல, அழத் தெம்பில்லாததால். அதன் சட்டையை நாம் ஒரு முறை தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

சட்டையைத் தூக்கி எதைப் பார்ப்பது? பிள்ளை அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வெறும் சளி அல்ல, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், அமைதியாக இருக்கையிலேயே இழுப்புச் சத்தம் கேட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் தண்ணீர் குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தஸ்பீஹ் மணியை விரலால் எண்ணிப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு பாரமா என்ன?

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் பாதுகாவல் வேண்டி ஓதியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பெற்ற தாயே ஓதலாமே. இமாமின் மூச்சுக்கு எந்தத் தனி உரிமையும் இல்லை. நமக்கே ஜலதோஷம் பிடித்த நாட்களில் பிள்ளைகள் மேல் ஊதுவதை நிறுத்திவிட்டோம். நோயுள்ள ஒட்டகத்தை நலமுள்ளவற்றிடம் ஓட்டி வரக் கூடாது என்று ஹதீஸில் உள்ளபோது நம் தும்மலைப் பிள்ளையிடம் கொண்டுபோவது எப்படித் தகும்?

கடைசியாக ஒரு மஸ்அலா. பிள்ளையின் சளி பட்ட சேலையோடு தொழலாமா என்று பெண்கள் கேட்டனுப்புகிறார்கள். தொழலாம். மூக்குச் சளியும் எச்சிலும் ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபிலும் சுத்தமானவையே. வாந்தி வேறு. ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ், ஹனபியில் வாய் நிறைய வந்தால் நஜீஸ், கழுவிக்கொள்ள வேண்டும். இறங்க மறுத்து அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே தொழலாம். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதிருக்கிறார்கள். ஆண்களுக்கும் ஒரு மஸ்அலா இருக்கிறது, ஆனால் அதை யாரும் கேட்டனுப்புவதில்லை. கவனிக்க ஆள் தேவைப்படும் நோயாளியைப் பராமரிப்பது ஜமாஅத்தை விடுவதற்கு அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று என்று இரு மத்ஹபின் கிதாபுகளிலும் உள்ளது. இரவு முழுவதும் விழித்த தாய் சுபுஹு நேரத்தில் கண்ணயரும்போது, பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டு வாப்பா வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம். நம் பள்ளியில் ஒரு சகோதரர் முதல் ஸஃப்பை விடாதவர். சென்ற மாரிக்காலத்தில் மூன்று நாள் சுபுஹுக்கு வரவில்லை. நான்காம் நாள் சட்டைத் தோளில் காய்ந்த சளியோடு வந்து நின்றார். பக்கத்தில் நின்றவர் சற்று ஒதுங்கினார். நாம் ஸஃப்பைச் சேர்த்து நிற்கச் சொன்னோம்.