அடைக்கலம் தந்த இல்லம்

1959ஆம் ஆண்டில் தலாய் லாமா திபெத்தினின்றும் நீங்கி இந்தியாவை அடைந்தார். அவரைப் பின்பற்றிப் பல்லாயிரவர் பனிமலை கடந்து வந்தனர். அவருட் பலர் மலைச்சாலை அமைக்கும் கூலி வேலையில் அமர்ந்தனர். அவர்தம் மக்கள் பசியாலும் பிணியாலும் வாடினர்.

1960 மே 17ஆம் நாள், ஜம்முவிலிருந்த அத்தகைய முகாம்களினின்றும் 51 குழந்தைகள் தர்மசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அவர்களைப் பேணும் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1964இல் அவர் மறைந்தபின், தங்கையார் ஜெட்சுன் பேமா 2006 வரை அப்பணியை நடத்தினார்.

அங்கே சிறார் தனித்தனி இல்லங்களில், வளர்ப்புத் தாயின் அரவணைப்பில், உடன்பிறந்தார்போல் வளர்கின்றனர். தொடக்கக் கல்வியைத் திபெத்திய மொழியிலேயே கற்கின்றனர். மண்ணை இழந்தவர் மொழியையும் இழப்பாராயின் அவர்க்கு எஞ்சுவது யாது? இதனை உணர்ந்தே அவ்வில்லம் சோற்றோடு தாய்மொழியையும் ஊட்டுகிறது.