கீழ் இமை தொங்கிக் கண்ணில் நீர் வடிகிறதா?

வயதானால் சிலருக்குக் கீழ் இமை தளர்ந்து, வெளிப்பக்கமாக மடங்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் சிவப்புச் சதை வெளியே தெரியும். "ஏன் அழுதீங்களா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். டாக்டர்கள் எக்ட்ரோப்பியன் என்பது இதைத்தான்.

1. முதலில் துடைக்கிற விதத்தை மாற்றுங்கள். என் மாமியார் முந்தானை நுனியைக் கண்ணுக்கடியில் வைத்து, கன்னம் வரை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைப்பார். ஏற்கெனவே தளர்ந்த இமை, இழுக்க இழுக்க இன்னும் தொங்கும், நீர் இன்னும் வடியும், மறுபடி முந்தானை. பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, துவைத்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். கீழே இழுக்காமல், மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக ஒற்றி எடுக்க வேண்டும். பழக ஒரு மாதம் ஆனது.

2. நீர்தான் கொட்டுகிறதே, வறட்சிக்கு டாக்டர் எதற்குச் சொட்டு மருந்து தருகிறார் என்று குழம்பாதீர்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் ஊசித்துளை இமையின் மூக்கோரத்தில் இருக்கிறது. இமை விலகினால் அதுவும் விலகி, நீர் கன்னத்தில் வழியும். இமை ஒட்டாத இடத்தில் கண் காய்ந்து உறுத்தும். உறுத்தினால் இன்னும் நீர் சுரக்கும்.

3. இரவுக்குக் களிம்பு கொடுத்திருந்தால், பாத்ரூம் போய்வந்து படுத்த பிறகு போடுங்கள். பார்வை மங்கும், இருட்டில் தடுமாறி விழ அது போதும். சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

4. ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். வண்டியில் போனால் கண்ணாடி.

5. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். கிருமி தொற்றினால் கருவிழியே புண்ணாகும். சிவப்பு போக என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

6. திடீரென ஒரு பக்கக் கண் மூடாமல், வாயும் கோணினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. வலி, வெளிச்சம் கூசுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

7. சொட்டு மருந்து இமையை நிமிர்த்தாது. ஆபரேஷன்தான் நிமிர்த்தும். "இந்த வயசுல எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலும் இழுத்தடித்தார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இமையின் வெளிமுனையை இழுத்துத் தைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. தையல் ஆறும்வரை பக்கத்தில் யாராவது இருங்கள். என் மாமியாரின் கை அப்போதும் முந்தானையைத்தான் தேடியது.