ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் புரதங்கள் வெட்டிச் சீராக்கப்படும் முறை

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், ஒரே செல்லாலான ஒரு பூஞ்சையாகும். பிராணவாயுவைப் பயன்படுத்தி ஆற்றலை உண்டாக்கும் பணி, அச்செல்லினுள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகளில் நடைபெறுகிறது. இவற்றிற்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு என்பதை 1964-இல் வியன்னாவில் காட்ஃபிரீட் ஷாட்சும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஈஸ்ட் செல்களைக் கொண்டு நிறுவினர். ஆயினும் அந்த டி.என்.ஏ.வின் துணையால் உருவாகும் புரதங்கள் எட்டு மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளவையோ ஏறத்தாழ ஆயிரம் வகை. எஞ்சியவை யாவும் உட்கருவின் மரபணுக்களைப் பின்பற்றி வெளியே உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வந்து சேர வேண்டும்.

ஏ.டி.பி.யை உண்டாக்கும் நொதியின் சில பகுதிகள் முதலில் சற்று நீளமாக உருவாகி, பின்னரே உள்ளே புகுகின்றன என்பதைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய ஷாட்சின் குழு 1979-இல் காட்டியது. இந்தக் கூடுதல் நீளம் புரதத்தின் தலைப்பில் அமைந்த முன்னொட்டாகும். பெரும்பாலும் 15 முதல் 50 அமினோ அமிலங்கள் கொண்ட இதில் நேர்மின்னூட்டம் மிகுதி. உட்சவ்வின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் முன்னொட்டு உள்நோக்கி இழுக்கப்படுகிறது. எல்லாப் புரதங்களுக்கும் முன்னொட்டு உண்டு எனக் கருதிவிடலாகாது. இல்லாதவற்றிற்கு வேறு வழிகள் உள்ளன. எனினும் அதன் ஆற்றலை 1984-இல் செய்த ஒரு சோதனை தெளிவாக்கியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தொடர்பில்லாத எலியின் நொதி ஒன்றுடன் ஈஸ்ட் முன்னொட்டை இணைத்தபோது, அந்நொதியும் உள்ளே புகுந்தது.

உள்ளே வந்தபின் முன்னொட்டு வேண்டாததாகிறது. இரு உறுப்புகள் கூடிய, துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் நொதி ஒன்று அதனை வெட்டி நீக்குகிறது. இரு உறுப்புகளுள் ஒன்று மட்டும் இருந்தால் வெட்டு நிகழாது. இவற்றின் மரபணுக்களில் குறையுள்ள இரு ஈஸ்ட் வகைகளைப் பாசல் குழு 1984-இல் பிரித்தெடுத்தது. அவை குறைந்த வெப்பத்தில் வளர்ந்தன. 37 டிகிரியில் வளர்ச்சி நின்று, முன்னொட்டு நீங்காத புரதங்கள் தேங்கின.

இங்கு மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. சர்க்கரையை நொதிக்கச் செய்து சுவாசமின்றியே ஈஸ்ட் வாழவல்லது. அவ்வாறாயின் இந்த வெட்டு நின்றால் அது ஏன் மடிய வேண்டும்? மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம் மட்டுமன்று என்பதே விடை. இரும்பும் கந்தகமும் இணைந்த கூட்டணுக்கள் அங்குதான் உருவாகத் தொடங்குகின்றன. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிகள் சிலவற்றுக்கும் அவை இன்றியமையாதவை.

முதல் வெட்டோடு எல்லாப் புரதங்களுக்கும் பணி முடிவதில்லை. சிலவற்றில் மற்றொரு நொதி மேலும் ஒரே ஓர் அமினோ அமிலத்தை நீக்குகிறது. இவ்வளவு சிறிய திருத்தம் எதற்காக என எண்ணத் தோன்றும். தலைப்பில் எந்த அமினோ அமிலம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே புரதத்தின் ஆயுள் அமைகிறது; அந்த ஒன்று நீங்காவிடில் புரதம் விரைவில் சிதைக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் 2009-இல் இதனை வெளிப்படுத்தினர். வெட்டுண்ட முன்னொட்டுகளையும் தனியொரு நொதி சிதைத்து அகற்றுகிறது. அவை தேங்கினால் வெட்டும் பணியே தடைப்படுகிறது.

மனிதச் செல்லிலும் முதல் வெட்டைச் செய்வது இதே வகை நொதியே. அதன் ஓர் உறுப்பின் மரபணு பழுதுபட்டால் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும் நோய் உண்டாவது 2015-இல் அறியப்பட்டது. மற்றோர் உறுப்பின் பழுது இளங்குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைச் சிதைப்பது 2018-இல் வெளியாயிற்று. ஒரு மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா, தற்செயலாக உடனிருப்பதா என்பதைக் குழந்தையின் உடலில் சோதித்தறிய இயலாது. எனவே அதே மாற்றங்களை ஈஸ்டின் இணையான மரபணுவில் புகுத்தினர். ஈஸ்டின் வளர்ச்சி குன்றியது. வெட்டும் பணி தளர்ந்தது. இரும்பு-கந்தகக் கூட்டணுக்கள் உருவாவதும் குறைந்தது.