கோது ஒருவருடையது, மருந்து இன்னொருவருடையது

கேள்வி: நானாட்டான் பக்கம் நெற்செய்கை. காட்டுப்பன்றிக் காவலுக்கு அப்பா காலத்து இரட்டைக் குழல் 12 போர் துவக்கு ஒன்று அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் இருக்கிறது. தோட்டா கிடைப்பதும் கஷ்டம், விலையும் கூட. தெரிந்த அண்ணர் ஒருவர் சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளில் திரும்பவும் மருந்து போட்டு நிரப்பி, ஒரு பை தந்திருக்கிறார். தன் துவக்கில் கனகாலமாகச் சுடுகிறாராம், ஒன்றும் நடக்கவில்லையாம். "மருந்து கொஞ்சம் கூடிப்போனால் தோளில் உதைக்கும், வேறென்ன" என்கிறார். வேண்டாம் என்றால் குறை நினைப்பார். சுடலாமா?
— ஒரு வாசகர், நானாட்டான், மன்னார்

பதில்: 

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: சுட வேண்டாம். இனிக் காரணத்துக்கு வருவோம். அண்ணரின் மனம் நோகாமல் மறுப்பதற்கான வழியும் அந்தக் காரணத்துக்குள்ளேயே கிடைக்கும்.

அண்ணரின் பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மருந்து கூடினால் தோள் உணர்ந்து சொல்லிவிடும் என்பது ஒன்று. ஒரு துவக்கில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா இன்னொன்றிலும் ஒழுங்காகச் சுடும் என்பது மற்றது. கேட்க இரண்டுமே நியாயமாகத்தான் இருக்கின்றன, இரண்டுமே பிழை.

தோளிலிருந்து தொடங்குவோம். உதைப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, குழலால் வெளியேறும் ஈயக்குண்டுகளின் எடையும் வேகமும். குழலைப் பிளப்பதோ உச்ச அமுக்கம், அதாவது மருந்து எரிந்து உண்டாகும் வாயு ஒரு கணத்தில் குழலின் சுவரை நெருக்கும் அதிகபட்ச அளவு. நிதானமாக எரியும் மருந்து, குண்டுகளைக் குழல் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். அவசரமாக எரியும் மருந்து, குண்டுகள் அசையத் தொடங்கும்போதே வாயுவின் பெரும்பகுதியை உண்டாக்கிவிடும். இரண்டிலும் குண்டுகள் ஒரே வேகத்தில் வெளியேறலாம். தோளுக்கும் கிட்டத்தட்ட ஒரே உதைதான். ஆனால் இரண்டாவது வெடியில் தோட்டா அறையின் சுவர் பட்ட பாட்டைத் தோள் அறியாது. "உதைக்கவில்லை, ஆகவே பயமில்லை" என்ற கணக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது.

சாதாரண 12 போர் தோட்டா ஒன்றுக்கு ஐரோப்பியத் தர விதிகள் அனுமதிக்கும் உச்ச அமுக்கம் 740 பார். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம் ஏறத்தாழ ஒரு பார். அதைப்போல் 740 மடங்கு. சரியான தோட்டாவிலேயே நிலைமை இது. உங்கள் கன்னத்திலிருந்து சில அங்குலத்தில், இடது கைவிரல்களுக்கு மேலே இது நடக்கிறது. இரட்டைக் குழல் வெடித்த இடங்களில் பெரும்பாலும் இடது கைதான் சேதப்படும். குழலைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கைதானே.

அடுத்தது மருந்து. பழைய கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. அமுக்கம் ஏறினாலும் அது எரியும் வேகம் பெரிதாக மாறாது. அதனால் சிறு பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1884இல் பிரான்சின் போல் வியேய் என்ற வேதியியலாளர் புகையில்லா மருந்தை உருவாக்கினார். இதன் அடிப்படை நைத்திரோசெலுலோசு, அதாவது அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. இதன் குணம் வேறு. அமுக்கம் ஏற ஏற இது எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் அமுக்கம் இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று துரத்துவதால், அளவில் சிறிதளவு கூடினாலும் அமுக்கம் அந்த விகிதத்தோடு நிற்காமல் எகிறிவிடும்.

இதை அறியாமல் கைபோனவர்கள் வெளிநாடுகளிலும் உண்டு. கரிமருந்துக் காலத்தில் 12 போர் தோட்டாவுக்கு 3 டிராம், அதாவது 5.3 கிராம் அளவில் மருந்து போடுவது வழக்கம். பின்னர் புகையில்லா மருந்து நிரப்பிய தோட்டாப் பெட்டிகளிலும் "3 டிராமுக்குச் சமம்" என்று அச்சிட்டார்கள். பலத்தில் பழைய 3 டிராமுக்கு ஈடு என்பதே அதன் பொருள். உள்ளே இருந்த மருந்து எடையில் அதைவிட மிகக் குறைவு. கையால் நிரப்பிய சிலர் அதை எடை என்று எடுத்து, புகையில்லா மருந்தையே 3 டிராம் கொட்டினார்கள். முடிவை நான் சொல்லத் தேவையில்லை. சுண்டால் அளந்து போடும் பழக்கத்திலும் இதே அபாயம் உண்டு: ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு உமியும் ஒரே எடையா? மருந்துக்கு மருந்து மணியின் பருமனும் செறிவும் வேறு. பார்வைக்குப் பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல் நிற மணிகள்தான்.

மன்னாரில் இதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது: அண்ணருக்கு அந்த மருந்து எங்கிருந்து வந்தது? அடம்பனிலும் விடத்தல்தீவிலும் 2008இல் சண்டை நடந்தது. கைவிடப்பட்ட ரவைகளும் ஷெல்களும் மண்ணுக்குள் கிடந்த பூமி இது. ரைபிள் ரவையைப் பிரித்து எடுத்த மருந்து, நீண்ட ஒடுக்கமான குழலுக்கும் பெரும் அமுக்கத்துக்குமாகச் செய்யப்பட்டது. வேட்டைத் தோட்டாவில் அது சரியாக எரியாமல் பாதியில் அடங்கலாம்.

ஷெல்லையோ கண்ணிவெடியையோ உடைத்து எடுத்த பொருள் அதைவிட மோசம். அது உயர்வெடிபொருள்: எரிவதற்குப் பதிலாக, ஒலியைவிடப் பலமடங்கு வேகமான அதிர்வலையாக வெடிப்பது. மன்னார்க் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. அங்கே மீனின் காற்றுப்பையைக் கிழிப்பது அந்த அதிர்வலைதான். துவக்குக் குழலுக்குள் அதற்கு வேலையே இல்லை. குண்டைத் தள்ள அதற்குத் தெரியாது, உருக்கைக் கிழிக்க மட்டுமே தெரியும். தீப்பெட்டி மருந்தும் பட்டாசு மருந்தும் உரசினாலே பற்றக்கூடியவை. துவக்குக்கு வருமுன்பே நிரப்புகிறவரின் கையில் வெடித்துவிடக்கூடும்.

உயர்வெடிபொருளின் இந்தக் குணத்தையே போர்த் தந்திரமாகப் பயன்படுத்திய கதை ஒன்று உண்டு. வியட்நாம் போரில், 1967 முதல் 1969 வரை, அமெரிக்கத் தரப்பினர் எதிரியின் ஏகே ரவைகளில் மருந்தை எடுத்துவிட்டு உயர்வெடிபொருளை நிரப்பினார்கள். அவற்றை ஒன்றிரண்டாக எதிரியின் வெடிமருந்துக் குவியல்களில் கலந்துவிட்டார்கள். "மூத்த மகன்" என்பது அந்தத் திட்டத்தின் பெயர். சுட்டவனின் முகத்திலேயே துவக்கு வெடித்தது. இதில் கவனிக்க வேண்டியது, பயிற்சி பெற்ற படைவீரர்களாலும் கெட்ட ரவையை நல்லதிலிருந்து கண்ணால் பிரிக்க முடியவில்லை என்பதே. உங்கள் பையிலுள்ள கோதின் அடியில் பொறித்திருப்பதும் அதை முதலில் செய்த தொழிற்சாலையின் பெயர்தான். உள்ளே இருப்பது இரண்டாம் ஆளின் கைவேலை. அதைப் பற்றிக் கோது ஒன்றும் சொல்லாது.

சரி, அண்ணரின் துவக்கு ஏன் இன்னும் வெடிக்கவில்லை? ஒழுங்கான தொழிற்சாலைத் துவக்குகள் பெரும்பாலும் சோதனை வெடியில் தேறியே விற்பனைக்கு வரும். இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் இருந்து இதைச் செய்துவருகிறது. வழக்கத்தைவிடக் கூடிய அமுக்கத்தில் சுட்டுப் பார்த்து, குழலின் அடியில் முத்திரை குத்துவார்கள். அந்தக் கூடுதல் பலம் தற்செயலான பிழைகளைத் தாங்குவதற்கென்று விட்டுவைத்தது. அண்ணரின் தோட்டாக்கள் ஒருவேளை அந்த இடைவெளியைத்தான் ஒவ்வொரு வெடியிலும் தின்றுகொண்டிருக்கின்றன. உங்கள் துவக்கில் எவ்வளவு இடைவெளி மிச்சமென்று அவருக்குத் தெரியாது.

அதைப் பற்றி ஓரளவு உங்களுக்கே தெரியவரும். குழலைக் கழற்றித் திருப்பி, தோட்டா அறைக்குக் கீழே உள்ள தட்டையான பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பழைய ஆங்கிலத் துவக்கானால் முத்திரைகளோடு 2½ அங்குலம் என்று பொறித்திருக்கக்கூடும். அது தோட்டா அறையின் நீளம். ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இப்போதைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். மடிப்பு மூடியிருக்கும்வரை 70 மில்லிமீற்றர்த் தோட்டா அந்தப் பழைய அறைக்குள்ளும் சிக்கலின்றி ஏறும். சுடும்போதுதான் மடிப்பு விரிந்து, குழல் ஒடுங்கும் இடத்துக்குள் புகுந்து வழியைக் குறுக்கும், அமுக்கம் ஏறும். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எண்ணக்கூடாது.

பையைக் கொட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் மெலிந்த தோட்டா ஏதும் கலந்திருக்கிறதா? 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அது 12 போர் அறைக்குள் வழுகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் குழலில் சிக்கிக்கொள்ளும். தோட்டா போட மறந்தோமென்று நினைத்து, பின்னால் 12 போர் ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும்.

கடைசியாக, நம் கரையின் காற்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் மன்னாரில் உப்பும் ஈரமும் எதையும் விடுவதில்லை. தொழிற்சாலைத் தோட்டா இறுக மூடி வரும். கையால் நிரப்பியதன் வாய் மெழுகோ கடதாசியோதான். ஈரமேறிய மருந்து பாதி எரிந்து, "புஸ்" என்ற சத்தத்தோடு அடைப்பைக் குழலின் நடுவில் விட்டுவிடும். அடைப்பு என்பது மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வைக்கும் தக்கை. ஆபத்து அந்தப் புஸ்ஸில் இல்லை. அதற்குப் பின் பதற்றத்தில் சுடும் அடுத்த தோட்டாவில் இருக்கிறது. எந்தத் தோட்டாவானாலும் சத்தம் குறைந்து கேட்டால், துவக்கை உடனே திறந்து காலி செய்து, அறைப் பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுங்கள். கேப், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீ தரும் சிறு மூடி, பிந்தியும் பற்றக்கூடும்.

தோட்டாவைத் திரும்ப நிரப்புவதே பாவமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள் ஏராளமானோர் நிரப்புகிறார்கள். ஒரு கிரெய்ன், அதாவது 0.065 கிராம், அதற்கும் குறைவாக நிறுக்கும் தராசும், மருந்துக் கம்பனி அச்சிட்ட அட்டவணையும் வைத்துக்கொண்டுதான் செய்வார்கள். ஆனாலும் அடுத்தவர் நிரப்பியதைத் தன் துவக்கில் போடாதே என்பது அவர்களுக்குள் பழைய பாடம். நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது: துவக்கு அனுமதிப்பத்திரம் வெடிமருந்து செய்யும் அனுமதி ஆகாது, 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் அதற்குத் தனி அனுமதி கேட்கிறது.

அந்தப் பையை என்ன செய்வது? பிரித்துப் பார்க்காதீர்கள், நெருப்பிலோ கிணற்றிலோ கடலிலோ போடாதீர்கள், தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏறாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, பொலிஸ் நிலையத்தில் விசாரித்து அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள்.

அண்ணரோடு கதைக்கும்போது குற்றம் சொல்லத் தேவையில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த மருந்து? எத்தனை கிராம்? எந்தத் துவக்குக்கு அளந்தது? மூன்றுக்கும் அவரிடம் விடை இருந்தால், கடைசி விடை "என் துவக்குக்கு" என்றுதான் வரும். உங்களுக்கு ஏன் வேண்டாம் என்பதை அவரே சொல்லிவிடுவார். விடை இல்லையென்றால், அவரும் சுடக்கூடாது.