கும்பிடு வேறு, கணக்கு வேறு

தம்பி,

குடியரசுத் துணைத் தலைவர்களைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை வாசித்தேன். நடை நன்றாக வருகிறது. ஆனால் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன், இப்போது சி.பி. ராதாகிருஷ்ணன் என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, மூவருக்கும் மாலை போட்டுவிட்டாய். ஏரல்காரனுக்கு இது கைவந்த வேலை. இந்த ஊருக்குச் சேர்மனாக இருந்து 1908-இல் மறைந்த அருணாசல நாடாரைச் சாமியாகவே வைத்திருக்கிறோம். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். கோயிலில் கும்பிடு, நானும் கும்பிடுகிறேன். கட்டுரையில் கும்பிடாதே.

அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று முதலில் பார். துணைத் தலைவர் என்பதற்காக அவருக்குச் சம்பளமே கிடையாது; மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான் வாங்குகிறார். ஆகவே மார்க் போட வேண்டிய இடமும் அந்த அவைதான். அமெரிக்கத் துணை அதிபரும் செனட்டுக்குத் தலைவரே. ஆனால் தினமும் போய் உட்காருவதில்லை, ஓட்டு சமமானால் போய்த் தீர்த்து வைப்பார். கமலா ஹாரிஸ் நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி ஓட்டுப் போட்டார். அங்கே வேறு யாரும் அத்தனை முறை போட்டதில்லை. அவருடைய பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், உனக்கு வேண்டும். உடனே சாதனை என்றும் எழுதிவிடாதே. முதல் இரண்டு ஆண்டுகள் செனட் 50க்கு 50 என்று நின்றது. அதனால் வந்த வாய்ப்பு அது.

வெங்கட்ராமன் துணைத் தலைவராக இருந்தது 1984 ஆகஸ்ட் முதல் 1987 ஜூலை வரை. நீ புகழ்வதெல்லாம் அதற்குப் பிறகு, அவர் குடியரசுத் தலைவராக இருந்து வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் மூவருக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைத்த காலத்துச் சங்கதி. துணைத் தலைவராக இருந்தபோது ராஜீவ் அரசுக்கு அசுர பலம். பரீட்சையே எழுதாதவரைப் பாஸ் என்றும் சொல்ல முடியாது, பெயில் என்றும் சொல்ல முடியாது.

பரீட்சை வந்த நாட்களைத் தேடிப் போ. 2011 டிசம்பர் 29 ராத்திரி, லோக்பால் மசோதா. அரசுக்கு அவையில் ஆள்பலம் போதாது. ஒரு உறுப்பினர் அமைச்சர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார். நள்ளிரவில், அப்போது துணைத் தலைவராக இருந்த ஹமீத் அன்சாரி ஓட்டெடுப்பு இல்லாமலே அவையைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். அரசைக் காப்பாற்றிவிட்டார் என்றது எதிர்க்கட்சி. நீட்டிக்கப்பட்ட கூட்டத்தொடர் அன்றோடு முடிகிறது, அமளியில் வேறு வழியில்லை என்பது மறுபக்கத்து நியாயம். அமளியில் மசோதா நிறைவேறக் கூடாது என்று வலியுறுத்தியவர் என்ற நல்ல பெயரும் அவருக்கே உண்டு. இரண்டையும் எழுது. நேரத்தை நீட்டலாமா என்று அவையைக் கேட்டு, ஓட்டுக்கு விட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. உனக்கு வேறாகப் படலாம். காரணம் சொல், போதும்.

நாற்காலியில் யார் இருந்தார் என்பதிலும் கவனம் வை. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறியதை அப்போதைய துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடு தலையில் கட்டியிருக்கிறாய். அந்நேரம் அவையை நடத்தியவர் மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் ஆனபோதும், ஹரிவன்ஷுக்கு எதிரான தீர்மானம் தள்ளப்பட்டபோதும்தான் நாயுடு இருந்தார். அதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

நாயுடுவுக்கு அடுத்து வந்த தன்கர் 2025 ஜூலை 21-இல் விலகினார். கடிதத்தில் உடல்நலம் என்று இருக்கிறது. டீக்கடையில் பத்துக் காரணம் சொல்வார்கள், அதெல்லாம் அச்சுக்கு ஆகாது. ஆனால் அவரை நீக்கக் கோரி 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் கொடுத்ததை விட்டுவிடாதே. அதற்கு முன் எந்தத் துணைத் தலைவருக்கும் அது நேர்ந்ததில்லை.

சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் 452க்கு 300 என்று ஜெயித்து வந்தவர். திருப்பூர்க்காரர், நம்ம ஆள் என்பது சந்தோஷம்தான், தகுதிச் சான்றிதழ் ஆகாது. ஓட்டெடுப்பு கேட்டபோது கொடுக்கிறாரா, எதிர்க்கட்சிக்காரருக்கு மைக் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, ஆளுங்கட்சிக்குக் கசக்கிற ரூலிங் ஒன்றாவது உண்டா என்று கூட்டத்தொடர் தோறும் குறித்து வை. அவருக்குத் தீர்ப்பு எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.

மாநிலங்களவை நடவடிக்கைக் குறிப்புகள் அவையின் வலைத்தளத்திலேயே கிடைக்கின்றன. 2011 டிசம்பர் 29-ஐ முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசி. வெங்கட்ராமன் பகுதியை எடுத்துவிட்டு, கட்டுரையை மறுபடி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணாச்சி
ஏரல்