பேர்மாவின் ஆறாம் எண்

எண்களுட் சில தம் பருமையாற் பெயர் பெற்றன; சில, பேரறிஞர் ஒருவர் கொண்ட கருத்தைப் பொய்ப்பித்தமையாற் பெயர் பெற்றன. 4,294,967,297 என்னும் எண் இரண்டாம் வகையினது. நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என வாயாற் சொல்லிப் பார்ப்பின் அதன் அளவு ஒருவாறு புலப்படும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணியும், அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டித்தும் வைக்கும் கதையை மாணவர் அறிவர். முப்பத்துமூன்றாங் கட்டத்துக்குரிய நெல்லினும் ஒன்றே மிக்கது இவ்வெண். அஃதாவது 2³² + 1.

பிரான்சு தேயத்துப் பேர்மா என்பார் நீதித்துறையிற் பணிபுரிந்து, ஓய்வு வேளையிற் கணிதம் பயின்றவர். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்ட, முறையே 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத முதன்மை எண்கள். இவ்வாறு அடுக்கை இரட்டித்துக்கொண்டே சென்றால் வருவன யாவும் முதன்மை எண்களே எனப் பேர்மா நம்பி, 1640ஆம் ஆண்டிற் கடிதங்களில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் ஈடுபாடு எவ்வாறு வந்தது எனின், ஐந்து எடுத்துக்காட்டுக் கிடைத்தவுடனே புணர்ச்சி விதியொன்று முற்றுப்பெற்றதெனக் கருதும் மாணவரை நாடோறும் வகுப்பிற் காண்கின்றோம்.

ஆறாம் எண்ணே நாம் எடுத்துக்கொண்டது. 1729இற் கோல்ட்பாக் என்பவர் பேர்மாவின் கருத்தைக் கடித வாயிலாக ஒயிலருக்கு நினைவூட்டினார். 1732இல் ஒயிலர், இவ்வெண் 641ஆல் வகுபடும் எனக் காட்டினார். கண்டவாறு வகுத்துப் பார்ப்பதாயின் 65,536க்குட்பட்ட 6,542 முதன்மை எண்களையும் சோதித்தல் வேண்டும். ஆயின் இதன் முதன்மைக் காரணி யாதாயினும் அது 64இன் மடங்கொன்றோடு ஒன்று கூடியதாகவே இருக்கும். அவ்வமைப்புடைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடங்கும். ஐந்தாவதே விடை!

நெடும் வகுத்தலின்றியும் இதனைக் காணலாம். 640 என்பது 641இலும் ஒன்று குறைந்தது. ஆதலின் 640இன் வர்க்கத்தை 641ஆல் வகுப்பின் மீதி 1. அவ்வர்க்கத்தின் வர்க்கமாகிய 640⁴ஐ வகுப்பினும் மீதி 1. இனி, 640 = 5 × 2⁷ ஆதலின், 640⁴ = 625 × 2²⁸. இங்கே 625 என்பது 641இலிருந்து 16 கழித்தது; 16 = 2⁴. எனவே 640⁴ = 641 × 2²⁸ − 2³². அஃதாவது 640⁴ உம் 2³² உம் சேர்ந்த தொகை 641இன் மடங்கு. 640⁴ஐ வகுத்தால் மீதி 1 என முன்னரே கண்டோம். ஆகவே 1 + 2³² உம் 641இன் மடங்கே. மற்றைக் காரணி 6,700,417. அதுவும் முதன்மை எண். ஐயமுற்றார் பெருக்கிப் பார்க்க.

ஏழாவது முதல் முப்பத்துமூன்றாவது வரையுள்ள பேர்மா எண்களும் முதன்மையல்ல என இன்று அறியப்பட்டுள்ளது. முதல் ஐந்துக்கு அப்பால் ஒன்றேனும் முதன்மையாகக் கண்டறியப்படவில்லை.

ஆயினும் அவ்வைந்தின் பெருமை குன்றவில்லை. 1796இல், பதினெட்டு வயதினராயிருந்த கவுஸ், கவராயமும் நேர்விளிம்பும் மாத்திரங் கொண்டு ஒழுங்கான பதினேழு பக்க உருவத்தை வரையலாம் என நிறுவினார். 257 பக்க உருவமும் 65,537 பக்க உருவமும் அவ்வாறே வரையத்தக்கன. 641 பக்க உருவத்தை அவ்விரு கருவிகளால் எவராலும் வரைய இயலாது.